டிரம்ஸ் இல்லாத நான்கு பையன்கள்



பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வீட்டில் கேட்டிருப்பீர்கள், கல்லூரி விடுதியில் கேட்டிருப்பீர்கள், பேர் தெரியாமலே எங்கேயோ தேநீர் குடிக்கும்போது கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அந்தப் பாட்டுகளைப் பற்றி அல்ல. பீட்டில்ஸ் என்ற பெயர் வருவதற்கு முன்னால், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் சில பள்ளிப் பையன்கள் கையில் கிடைத்த கருவியைக் கொண்டு பதிந்துவைத்த ஒலிகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஜான் லெனன் பள்ளி நாட்களில் தொடங்கிய முதல் குழு. குவாரிமென் என்று பெயர். அந்தக் குழுவின் ஒத்திகை ஒலிகள்.

அவை எப்படி இருக்கின்றன? முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுமாராக இருக்கின்றன. சில இடங்களில் சுமாருக்கும் கீழே. தாளம் தள்ளாடுகிறது. கிட்டார் தடுமாறுகிறது. ஒரே ராகத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு மேல் போகிறார்கள், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல். உலகை ஆளப்போகிறவர்களின் குரல் இது என்று யாரும் அந்த நாடாவைக் கேட்டுச் சொல்லியிருக்க முடியாது. நான் சொல்லியிருக்க மாட்டேன். நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அதனால்தான் இந்த நாடாக்களை நான் இவ்வளவு நேசிக்கிறேன். மேதைகள் பிறக்கும்போதே மேதைகளாகப் பிறக்கிறார்கள் என்று நம்மிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு எதிரான சாட்சி வேண்டுமா? காதால் கேட்கக்கூடிய சாட்சி வேண்டுமா? இதோ இருக்கிறது.

சற்றுப் பின்னால் போவோம். 1956. லிவர்பூல் துறைமுக நகரம். 1941 மே மாதத்தில் ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகள் இடித்துப்போட்ட கட்டடங்கள் பல இன்னும் வெறும் மனையாகவே கிடந்த காலம். நாட்டில் உணவுப் பங்கீடு முழுவதுமாக முடிந்ததே 1954இல்தான். அப்படிப்பட்ட நகரத்தில் ஒரு பாட்டு வந்து இறங்கியது. லோனி டோனகன் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்'. ஸ்கிஃபிள் என்று அந்த வகை இசைக்குப் பெயர். அதில் என்ன விசேஷம்? காசில்லாதவனும் வாசிக்கலாம். அதுதான் விசேஷம்.

ஒரு மலிவான கிட்டார் போதும். துணி துவைக்கும் தகரப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, தையல்காரர் விரலில் மாட்டும் உறையைப் போட்டுச் சரசரவென்று தேய்த்தால் தாளம். தேயிலை வந்து இறங்கிய காலிப் பலகைப்பெட்டியைக் கவிழ்த்து, ஒரு துடைப்பக் கட்டையை நட்டு, அதிலிருந்து பெட்டிக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் பேஸ். அந்தத் தேயிலை எங்கிருந்து போயிற்று? இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும். நீலகிரியிலும் மலையகத்திலும் நம் பெண்கள் கிள்ளிய கொழுந்து அப்படிப்பட்ட பெட்டிகளில்தான் கப்பலேறியது. இங்கிலாந்து முழுவதும் பையன்கள் அந்தப் பெட்டிகளைத் தட்டித் தட்டித்தான் இசை கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கும்போது எனக்குள் ஏதோ ஒன்று அசைகிறது. அது போகட்டும். கதைக்கு வருவோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அப்போது கட்டாய ராணுவ சேவை இருந்தது. பதினெட்டு வயதானால் சீருடை போட்டே ஆக வேண்டும். அந்தச் சட்டம் முடிவுக்கு வந்தபோது, 1939 செப்டம்பருக்குப் பிறகு பிறந்தவர்களை அழைக்காமல் விட்டுவிட்டார்கள். ஜான் லெனன் பிறந்தது 1940 அக்டோபர் 9. ஓர் ஆண்டு இடைவெளியில் தப்பினார். சட்டம் இன்னும் சில ஆண்டுகள் நீடித்திருந்தால் இந்தப் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக முகாமுக்குப் போயிருப்பார்கள். ஒன்றாக உட்கார்ந்து ஒத்திகை பார்க்க அவர்களுக்குக் காலம் கிடைத்திருக்காது. காலம் கிடைத்தது! இந்தக் கதையில் திறமைக்கு இருக்கிற இடம் அதற்கும் உண்டு.

குவாரி பேங்க் பள்ளியில் படித்த ஜான், தன் பள்ளித் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு குழு தொடங்கினார். பள்ளியின் பெயரிலிருந்தே குழுவின் பெயரும் வந்தது. 1957 ஜூலை 6, சனிக்கிழமை. வூல்டன் என்ற பகுதியில் புனித பீட்டர் தேவாலயத்துத் தோட்ட விழா. பையன்கள் லாரியில் ஏறி ஊர்வலம் போனார்கள், பிற்பகலில் மைதானத்தில் பாடினார்கள், மாலையில் தேவாலய மண்டபத்தில் நடந்த ஆட்டத்திலும் பாடினார்கள். ஜானுக்கு வயது 16. அன்று பொதுவான நண்பர் ஒருவர், 15 வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்து ஜானுக்கு அறிமுகப்படுத்தினார். அந்தப் பையன் பால் மெக்கார்ட்னி.

ஜான் அப்போது கிட்டாரை எப்படி வாசித்தார் தெரியுமா? அவருடைய தாய் ஜூலியாவுக்கு பான்ஜோ தெரியும். பான்ஜோவுக்கு எப்படிச் சுதி சேர்ப்பார்களோ அப்படியே மகனுடைய கிட்டாருக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார். பாட்டின் வரிகள் மறந்துபோனால், மேடையிலேயே புது வரிகளைக் கட்டிப் பாடிவிடுவார் ஜான். பாலுக்குக் கிட்டாருக்குரிய சுதி தெரியும், வரிகளும் மனப்பாடம். அன்றைய சந்திப்பைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் எழுதிவிட்டார்கள். நமக்கு வேண்டியது வேறு. அன்று மாலை மண்டபத்தில் கூட்டத்தோடு நின்றிருந்த ஓர் இளைஞரிடம் குருண்டிக் நிறுவனத்தின் ஸ்பூல் டேப் கருவி ஒன்று இருந்தது. மைக்கைக் கையில் பிடித்துப் பதிந்தார். டோனகனின் பாட்டு ஒன்று, எல்விஸின் பாட்டு ஒன்று.

அந்த நாடா பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. 1994 செப்டம்பரில் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் 78,500 பவுண்டுக்கு ஈஎம்ஐ நிறுவனம் அதை வாங்கியது. ஆனால் ஒலித்தரம் மிகவும் குறைவு என்று, அடுத்த ஆண்டு வந்த பீட்டில்ஸின் 'ஆந்தாலஜி' தொகுப்பில் சேர்க்கவில்லை. துண்டு துண்டாகத்தான் வெளியே கேட்கக் கிடைத்தது. அந்த முடிவு எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு குழு உருவான நாளின் மாலையில் அந்த மண்டபம் எப்படி எதிரொலித்தது என்பதைக் கேட்பவர், சுத்தமான ஒலியை எதிர்பார்த்தா வருவார்?

இப்போது 1958க்கு வருவோம். இதில் சற்று நேரம் நிற்க வேண்டும்.

லிவர்பூலில் கென்சிங்டன் என்ற தெருவில் பெர்சி பிலிப்ஸ் என்பவர் மின்சாதனக் கடை வைத்திருந்தார். வீட்டின் பின்னறையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துவிட்டுப் போய்ப் பாடலாம், போகும்போது ஒரு தட்டை வாங்கிக்கொண்டு போகலாம். குவாரிமென் போனார்கள். ஜான், பால், கிட்டாரில் ஜார்ஜ் ஹாரிசன், டிரம்ஸில் காலின் ஹாண்டன், பியானோவில் ஜான் லோ. அறையில் ஒரே ஒரு மைக். ஒரு பக்கத்தில் அமெரிக்கப் பாடகர் படி ஹாலியின் 'தட்டில் பி த டே', மறுபக்கத்தில் இவர்களே கட்டிய 'இன் ஸ்பைட் ஆஃப் ஆல் த டேஞ்சர்'. அந்தப் பாட்டு பாலும் ஜார்ஜும் சேர்ந்து எழுதியதாகப் பதிவாகியிருக்கிறது. பாடுவது ஜான்.

படி ஹாலியின் பாட்டை ஜான் யாரிடம் கற்றார்? தன் தாயிடம். முதன்முதலில் முழுதாக வாசிக்கக் கற்ற பாட்டு அதுதான் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜூலியா பொறுமையாகக் கூடவே உட்கார்ந்து, இசைத்தட்டை மெதுவாகச் சுழலவிட்டு, சுரம் சுரமாகச் சொல்லிக் கொடுத்தாராம். அந்தத் தட்டு பதிவான அதே 1958ஆம் ஆண்டு, ஜூலை 15 அன்று, வீட்டருகே மென்லவ் அவென்யூவில் சாலையைக் கடக்கும்போது கார் மோதி ஜூலியா இறந்துபோனார். ஜானுக்கு 17 வயது. பாலின் தாய் மேரி 1956 அக்டோபர் கடைசி நாளிலேயே புற்றுநோயில் போய்விட்டார். தாயில்லாப் பிள்ளைகள் இரண்டு பேர். அந்தப் பதிவில் ஜான் உற்சாகமாகப் பாடுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தத் தாயின் கை நினைவுக்கு வந்துவிடுகிறது. அதை நினைக்காமல் என்னால் அந்தப் பாட்டைக் கேட்க முடிவதில்லை.

இந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? கடையில் விற்கிற தட்டைப் போல் அச்சில் அழுத்தி எடுத்தது அல்ல. உலோகத் தகட்டின் மேல் மெல்லிய மெழுகுபோன்ற பூச்சு. அந்தப் பூச்சில் ஊசி நேராகக் கீறிப் பள்ளம் போடும். வன்மை கிடையாது. ஒவ்வொரு முறை போட்டுக் கேட்கும்போதும் அந்தப் பள்ளம் கொஞ்சம் தேயும். இருந்ததோ ஒரே பிரதி. பையன்கள் என்ன செய்தார்கள்? ஆளுக்கு ஒரு வாரம் என்று முறைவைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். வந்தவர் போனவருக்கெல்லாம் போட்டுக் காட்டினார்கள். தேய்ந்தது. இன்றைக்கு நமக்குக் கேட்கிற கரகரப்பு என்ன? ஐந்து பையன்களின் பெருமை! தங்கள் குரலைத் தட்டில் கேட்கக் கேட்க அலுக்காத ஐந்து பையன்களின் பெருமை!

கடைசியாகத் தட்டை எடுத்துப்போனவர் ஜான் லோ. அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. குழு கலைந்து சேர்ந்து, பெயர் மாறி, உலகப் புகழ் பெற்று, பிரிந்தும் போயிற்று. தட்டு அவர் வீட்டிலேயே இருந்தது. 1981இல்தான் பால் மெக்கார்ட்னி அதை அவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கினார். நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுக்கச் சில பிரதிகள் செய்துகொண்டார். பொதுமக்கள் காதுக்கு வந்தது 1995இல். அப்போதும் 'இன் ஸ்பைட் ஆஃப் ஆல் த டேஞ்சர்' முழுதாக வரவில்லை. நீளத்தைக் குறைத்துத்தான் வெளியிட்டார்கள்.

சரி, 1960. நான் இந்த மேடைக்கு வந்ததே இதற்காகத்தான்.

ஃபோர்த்லின் ரோடு, 20ஆம் எண் வீடு. நகராட்சி கட்டிக் கொடுத்த சாதாரண வரிசை வீடு. பாலின் தந்தை ஜிம் பருத்தி வணிகத்தில் விற்பனையாளர். இளமையில் சொந்தமாக ஒரு ஜாஸ் குழுவே நடத்தியவர். அவர் வேலைக்குப் போன பிறகு, பள்ளியைக் கட்டடித்துவிட்டு ஜானும் பாலும் அங்கே உட்கார்ந்துதான் பாட்டுக் கட்டினார்கள். 1960 வாக்கில், குருண்டிக் டேப் கருவி ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி, அந்த வீட்டில் ஒத்திகைகளைப் பதிந்தார்கள். குளியலறையில் பதிந்தோம் என்று பால் சொல்லியிருக்கிறார். ஏன் குளியலறை? ஓடு பதித்த சுவர். குரல் சுவரில் பட்டுத் திரும்பும். ஸ்டுடியோவில் காசு கொடுத்து வாங்கவேண்டிய எதிரொலி அங்கே இலவசம்.

யார் யார் இருந்தார்கள்? ஜான், பால், ஜார்ஜ். நான்காவது ஆள் ஸ்டூவர்ட் சட்கிளிஃப். ஜானோடு ஓவியக் கல்லூரியில் படித்தவர். நல்ல ஓவியர். அவருடைய ஓவியம் ஒன்று லிவர்பூல் வாக்கர் கலைக்கூடக் கண்காட்சியில் வைக்கப்பட்டு 65 பவுண்டுக்கு விலைபோயிற்று. அந்தப் பணத்தில் பேஸ் கிட்டார் வாங்கு என்று நண்பர்கள் நச்சரித்தார்கள், வாங்கினார். வாசிக்கத் தெரியுமா? தெரியாது. வாங்கிய பிறகுதான் கற்றுக்கொண்டார்.

டிரம்ஸுக்கு ஆள்? ஆளே இல்லை. காலின் ஹாண்டன் விலகிப் போய்விட்டார். மூன்று கிட்டார், கற்றுக்கொண்டிருக்கிற ஒரு பேஸ். நிகழ்ச்சி கேட்டுப் போன இடங்களில் டிரம்ஸ் எங்கே என்று கேட்டால், தாளம் கிட்டாரிலேயே இருக்கிறது என்று சொல்லிச் சமாளிப்பார்களாம். நாடாவைக் கேளுங்கள். அது சமாளிப்பு மட்டும் அல்ல என்று தெரியும். ஜானின் வலது கை தாளத்தை அடித்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பிசகுகிறது, மறுபடி பிடிக்கிறது. தாளக்கருவி இல்லாத குழுவில் ஒவ்வொருவரும் மற்றவர் கையையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேறு வழியில்லை. பின்னாளில் ஜானும் பாலும் ஜார்ஜும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்தவர்கள்போல் பாடினார்கள் என்று வியக்கிறோமே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் போனால் இந்த டிரம்ஸ் இல்லாத மாதங்களில்தான் வந்து நிற்கிறேன்.

அந்த நாடாக்களில் இருந்து மூன்று துண்டுகள் 1995இல் அதிகாரபூர்வமாக வெளிவந்தன. ரே சார்ல்ஸின் 'ஹல்லெலூயா, ஐ லவ் ஹெர் ஸோ'. பால் கட்டிய 'கேயென்' என்ற வாத்திய இசை. 'யூல் பி மைன்' என்று ஜானும் பாலும் சேர்ந்து கட்டிய குறும்புப் பாட்டு. இந்தக் குறும்புப் பாட்டில் இங்க் ஸ்பாட்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பாணியைப் பகடி செய்கிறார்கள். நடுவில் ஜான் கனத்த குரலை வரவழைத்துக்கொண்டு வசனம் பேசுகிறார், சிரிப்பு வெடிக்கிறது. ஒத்திகை என்றால் இதுவும்தானே? வேலைக்கு நடுவே இந்தச் சிரிப்பு இல்லாத குழு எத்தனை நாள் தாங்கும்?

மற்ற பகுதிகள்? அவை ரசிகர்களின் கைகளில் திருட்டுப் பிரதிகளாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பதிவின் ஒரு பிரதி ஹாம்பர்க் நகரத்தில் ஸ்டூவர்ட்டின் காதலி ஆஸ்ட்ரிட் கிர்ஷ்ஹெர் வழியாகவும், இன்னொன்று அதே நகரத்து நண்பர் ஒருவர் வழியாகவும் நமக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் பெரும்பகுதி நீண்ட நீண்ட வாத்திய ஓட்டம். பொறுமை இல்லாதவர் பாதியில் நிறுத்திவிடுவார். நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் அதே 1960 ஆகஸ்ட் 17இல் இந்தப் பையன்கள் ஹாம்பர்க் நகர இரவு விடுதியில் மேடையேறினார்கள். ஓர் இரவுக்கு நான்கரை மணி நேரம், வாரக் கடைசியில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரத்தை யாரால் நிரப்ப முடியும்? இழுக்கத் தெரிய வேண்டும், ஒரே சுழலில் சுற்றிச் சுற்றி வந்து சலிக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். குளியலறை நாடாவில் வீணாகப் போகிறதே என்று நாம் நினைக்கிற நிமிடங்களை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

இதே நாடாக்களில் ஒரு பாட்டு இருக்கிறது. 'ஒன் ஆஃப்டர் 909'. ரயிலைப் பற்றிய பாட்டு. ஜான் பதின்ம வயதில் கட்டியது. அமெரிக்க ரயில் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அமெரிக்காவைப் பார்த்தே இராத ஒரு பையன் கட்டிய பாட்டு. 1960இல் ஒத்திகை பார்க்கிறார்கள். மறக்கவில்லை. 1963 மார்ச் 5, லண்டன் ஈஎம்ஐ ஸ்டுடியோ. 'ஃப்ரம் மீ டு யூ' பதிவான அதே நாள். இதையும் முயன்று பார்க்கிறார்கள். திருப்தி இல்லை, ஒதுக்கி வைக்கிறார்கள். 1969 ஜனவரி 30, லண்டன் சாவில் ரோ, 3ஆம் எண் கட்டடத்தின் மொட்டை மாடி. குளிர்காற்று. அவர்கள் சேர்ந்து பொதுவில் வாசித்த கடைசி நிகழ்ச்சி. என்ன பாடுகிறார்கள்? அதே ரயில் பாட்டு! குழுவுக்குள் கசப்பு, பண விவகாரம், பேச்சுவார்த்தை இல்லாத நாட்கள். அதற்கு நடுவே ஜானும் பாலும் ஒரே மைக்குக்குப் பாடுவதுபோல ஒட்டிக்கொண்டு, பள்ளிப் பையன்களைப் போல முகம் மலர்ந்து அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். அந்தப் பதிவுதான் 1970இல் 'லெட் இட் பி' தட்டில் வந்தது. எழுதிப் பத்து ஆண்டுக்கு மேல் கழித்து!

1960இன் பதிவையும் 1969இன் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வரிகள் ஏறக்குறைய அவையேதான். மெட்டும் அதேதான். என்ன மாறியிருக்கிறது? 1960இல் பாட்டு அவர்களை இழுத்துக்கொண்டு போகிறது. 1969இல் பாட்டின் கடிவாளம் அவர்கள் கையில். பிறகு குழுவுக்கு வந்த ரிங்கோவின் டிரம்ஸும், விருந்தாளியாக வாசித்த பில்லி பிரெஸ்டனின் கீபோர்டும் சேர்ந்திருக்கின்றன, உண்மை. ஆனால் குரல்களைக் கேளுங்கள். அவசரம் போயிருக்கிறது.

இன்னொரு பாட்டு, 'ஐல் ஃபாலோ த சன்'. பால் சிறுவயதில் கட்டியது. 1960 நாடாவில் இருக்கிறது. 1964 இறுதியில் வெளிவந்த தட்டில் நமக்குத் தெரிந்த வடிவம் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் நடுப்பகுதி வேறாக இருப்பது தெரியும். பையனாக இருந்தபோது போட்ட நடுப்பகுதி பலவீனமானது. நான்கு ஆண்டு கழித்து அதைத் தூக்கிவிட்டு, வேறொன்றைப் பொருத்தினார்கள். ஜானின் 'ஹலோ லிட்டில் கேர்ள்' பாட்டும் அங்கே இருக்கிறது. தான் எழுதிய முதல் பாட்டு என்று ஜான் அதைச் சொன்னதுண்டு. 1962 புத்தாண்டு நாளில் டெக்கா நிறுவனத்தில் நடந்த குரல் தேர்வில் அதைப் பாடினார்கள், தேர்வில் தோற்றார்கள். பிறகு அந்தப் பாட்டை வேறொரு லிவர்பூல் குழு பாடி வெற்றி கண்டது. பழைய சரக்கை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள் பாருங்கள்!

எங்கே வைத்திருந்தார்கள்? இங்கேதான் எனக்கு வியப்பு. நாடாவில் அல்ல. டேப் கருவி அவர்களுக்குச் சொந்தமே கிடையாது. இரவல் கிடைத்தபோது பதிந்ததுதான். பால் பல முறை சொல்லியிருக்கிறார்: ஒரு பாட்டு மறுநாள் காலையில் எங்களுக்கே நினைவில் இல்லை என்றால், அதைக் கேட்பவர் எப்படி நினைவில் வைப்பார் என்று விட்டுவிடுவோம் என்று. வரிகளைப் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். மெட்டை மனதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே நல்ல பாட்டுகளுக்கு நாடா தேவைப்படவே இல்லை. நாடாவால் நமக்குக் கிடைத்த பெரும் லாபம், அவர்களே கைவிட்டவை: பெயர் இல்லாத வாத்திய ஓட்டங்கள், பாதியில் நின்றுபோன பாட்டுகள், பிசகி மறுபடி தொடங்கிய இடங்கள். மனித நினைவு அரித்துக் கீழே தள்ளியிருக்கும். இரும்புத் துகள் பூசிய பிளாஸ்டிக் நாடாவுக்கு அரிக்கத் தெரியாது. நல்லதையும் கெட்டதையும் ஒன்றாகவே ஏந்திக்கொண்டது.

ஸ்டூவர்ட் சட்கிளிஃபைப் பற்றி ஒரு வார்த்தை. 1961இல் குழுவை விட்டு விலகி ஹாம்பர்கிலேயே தங்கி, ஓவியம் படிக்கச் சேர்ந்தார். 1962 ஏப்ரல் 10 அன்று மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். வயது 21. குழுவின் முதல் வெற்றித் தட்டு வருவதற்கு முன்னமே. பீட்டில்ஸ் அதிகாரபூர்வமாக வெளியிட்ட ஒலிகளில் அவருடைய பேஸ் கேட்பது அந்த மூன்று துண்டுகளில் மட்டுமே. அவருக்கு வாசிக்கவே தெரியாது என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்டுவிட்டு எழுதுங்கள். வாங்கிச் சில மாதமே ஆன கருவியில், எளிய சுரங்களைச் சரியான இடத்தில் வைக்கப் பாடுபடுகிற கை அது. சில இடங்களில் வைத்தும் விடுகிறது.

இப்போது பாதுகாப்பைப் பற்றி. 2023 நவம்பரில் 'நௌ அண்ட் தென்' என்ற பாட்டு வெளிவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜான் 1970களில் வீட்டில் கேசட்டில் பாடிவைத்தது. பியானோவும் குரலும் ஒன்றாகக் கலந்துகிடந்ததைக் கணினியைப் பழக்கித் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அருமையான வேலை. உடனே ஒரு குரல் எழுகிறது: அப்படியே அந்த 1957, 1960 நாடாக்களையும் சுத்தம் செய்துவிடலாமே என்று. செய்யட்டும். ஆனால் மூல நாடாவை மூலமாகவே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு வடிவமாகச் செய்யட்டும். அந்த எதிரொலியை நீக்கினால் குளியலறை போய்விடும். கூட்டத்தின் சலசலப்பை நீக்கினால் வூல்டன் மண்டபம் போய்விடும். மிஞ்சுவது ஒரு சுமாரான பாட்டு மட்டும்தான்.

அதைவிட முக்கியமான வேண்டுகோள், இந்த அரங்கில் இருக்கிற இளைஞர்களுக்கு. உங்களில் பலர் குழுவாகச் சேர்ந்து வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் வாசிக்கிறீர்கள், கோயில் திருவிழாவில் வாசிக்கிறீர்கள், தேவாலயத்தில் வாசிக்கிறீர்கள். செல்போனில் ஒத்திகையைப் பதிகிறீர்கள். இடம் போதவில்லை என்று அடுத்த வாரமே அழித்துவிடுகிறீர்கள். அழிக்காதீர்கள். தேதியை எழுதுங்கள். யார் யார் வாசித்தார்கள் என்று எழுதுங்கள். எந்த வீடு, எந்த அறை என்று எழுதுங்கள். குவாரிமென் நாடாக்களைப் பற்றி இன்றும் ஆராய்ச்சியாளர்கள் தேதிக்காக அடித்துக்கொள்வதற்குக் காரணம், அன்று யாரும் பெட்டியின் மேல் ஒரு வரி எழுதிவைக்காததுதான். பெரியவர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் அப்பா காலத்து ஸ்பூல் டேப்போ கேசட்டோ இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒரு முறை யாரிடமாவது கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

பேச்சு போதும். பக்கத்தில் நண்பர் ஒலிபெருக்கியோடு தயாராக இருக்கிறார். நான்கு பதிவுகளைப் போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் 1958இன் 'தட்டில் பி த டே'. கரகரப்புக்குப் பின்னால் இருக்கிற பியானோவைத் தேடிப் பிடியுங்கள், மெல்லியதாக இருக்கும். இரண்டாவது 'ஹல்லெலூயா, ஐ லவ் ஹெர் ஸோ'. பால் பாடுகிறார், நீங்கள் அவருக்குப் பின்னால் போகிற கிட்டாரின் தாளத்தை மட்டும் கேளுங்கள், எங்கே வேகம் கூடுகிறது என்று பாருங்கள். மூன்றாவது 'கேயென்', அதில் ஸ்டூவர்ட்டின் பேஸைப் பின்தொடருங்கள். நான்காவது 1969இன் மொட்டை மாடிப் பதிவு. நான்கும் முடிந்த பிறகு விளக்கைப் போடச் சொல்கிறேன், உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். மாடி வரிசையில் இருப்பவர்களுக்கு ஒலி போதவில்லை என்றால் தயங்காமல் கையை உயர்த்துங்கள்.